பிள்ளையின் கட்டியும் பெற்றோரின் வினையும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையில் ஒரு பிள்ளைக்குச் சார்க்கோமா என்னும் புற்றுநோய் என்று சந்தேகம் வந்துவிட்டால், ஆய்வுகூட அறிக்கை வருவதற்கு முன்னரே ஊரிலிருந்து காரணங்கள் வந்து சேர்ந்துவிடும். விழுந்து அடிபட்ட இடம் என்பார்கள். கண்ணூறு என்பார்கள். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு எழும். தகப்பனின் குறிப்பைப் பார்த்து அட்டமத்துச் சனி என்று சாத்திரி சொல்லுவார். இவை எல்லாவற்றுக்கும் அடியில், முகத்துக்கு நேரே சொல்லப்படாமல், ஆனால் தாயின் காதில் விழும்படி சொல்லப்படுவது ஒன்று உண்டு. பெற்றதுகள் செய்த வினை பிள்ளையில் விடிந்திருக்கிறது என்பதே அது. மற்றக் காரணங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் படித்தவர்கள்கூட இதை அப்படி ஒதுக்குவதில்லை. இது சைவ சமயத்தின் நடுக்கொள்கை என்று நினைத்து மௌனமாகத் தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பையே நான் கேள்வி கேட்கிறேன். வினை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே இதை எழுதுகிறேன். இன்னொருவருடைய உடம்பில் வந்த நோயைப் பார்த்து அவருடைய வினையைப் படித்துச் சொல்லும் உரிமையைச் சைவம் எவருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

முதலில் நோயை அதன் இயல்போடு அறிய வேண்டும். புற்றுநோய்களில் பெரும்பாலானவை தோல், குடல், மார்பு, நுரையீரல் போன்றவற்றின் மேற்படைகளில் தொடங்குகின்றன. சார்க்கோமா உடம்பைக் கட்டித் தாங்கும் பகுதிகளில் தொடங்குகிறது. என்பில் தொடங்குவது ஒரு பிரிவு. தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய், தசைநாண் என்பவற்றில் தொடங்குவதை மென்னிழையச் சார்க்கோமா என்கிறார்கள். இதில் 50க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று அளவு. பிள்ளைகளின் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஏழு அளவு. வளர்ந்தவர்களுக்குத் தொடையிலோ வயிற்றின் பின்பக்கத்திலோ நோவில்லாத கட்டியாகத் தொடங்கி, ஆழத்தில் மெல்லப் பெருத்துக்கொண்டு போகும். மென்னிழையச் சார்க்கோமா வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வருவது றப்டோமையோசார்க்கோமா என்ற வகை. இது கண்ணுக்குப் பின்னால் தோன்றினால் சில கிழமைகளுக்குள்ளேயே கண் முன்னுக்குத் தள்ளி வரும். சிறுநீர்ப்பையில் தோன்றினால் சிறுநீர் கட்டும், அல்லது இரத்தமாகப் போகும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிவது இதைவிட வியப்பானது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது தசையாக மாறத் தொடங்கும் கலங்கள் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படியே இந்தக் கலங்கள் இருக்கின்றன. சிலவற்றில் முதிர்ந்த தசைக்கே உரிய குறுக்குவரிகள்கூடத் தெரிகின்றன. தசையாகும் வழியில் பாதியில் நின்று, நின்ற இடத்திலேயே பெருகிக்கொண்டிருக்கும் கலங்கள் அவை.

ஏன் நின்றன? ஒரு வகைக்கு விடை மிகத் தெளிவாகவே கிடைத்திருக்கிறது. இரண்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் பதின்மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் பிறக்கும் புதிய புரதம், வளர்ச்சியை நிறுத்தும் கட்டளையை நடக்கவிடாது. இளவயதினருக்கு மூட்டுகளின் அருகே வரும் சைனோவியல் சார்க்கோமாவில் எக்ஸ் நிறமூர்த்தமும் பதினெட்டாவதும் இதேபோல் மாறிக்கொள்கின்றன. இந்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. பிள்ளையின் உடம்பில் ஒரு கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் நேர்கிறது. தாய் உண்டது, தகப்பன் குடித்தது, பிள்ளை மதிலில் இருந்து விழுந்தது என்று எதையும் இதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. விழுந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். வளர்ந்தவர்களில் சிலருக்கு முன்பு எடுத்த கதிர்ச் சிகிச்சையோ பல ஆண்டுகள் வீங்கிக் கிடந்த கையோ காலோ காரணமாகலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படியும் ஒன்று இல்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: பரம்பரையாக வரும் சார்க்கோமாவும் உண்டே, அதைத்தானே நம் முன்னோர் பெற்றோர் வினை என்றார்கள்? உண்டுதான். 1969இல் பிரெடரிக் லீ, ஜோசப் பிரோமெனி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நான்கு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைகளுக்குச் சார்க்கோமா, அவர்களுடைய இளம் தாய்மாருக்கு மார்புப் புற்று என்று நோய் அந்தக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வந்தது. 1990இல் காரணம் அகப்பட்டது: கலம் பழுதுபடும்போது அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு பரம்பரையலகில் பிழை. ஆனால் இந்தச் செய்தி வினைப் பேச்சுக்குக் கைகொடுக்கவில்லை, அதைத் தளர்த்தவே செய்கிறது. அந்தப் பிழையைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. நல்லவளின் பிள்ளைக்கும் அதே வாய்ப்பு, கெட்டவளின் பிள்ளைக்கும் அதே வாய்ப்பு. அந்தத் தாயும் அதைத் தன் பெற்றோரிடமிருந்து கேட்டு வாங்கியவள் அல்லள். சார்க்கோமா வந்த பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் சிறு பங்கினரே. அவர்களுக்கு இந்த அறிவால் வரும் பயன் மற்றச் சகோதரங்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிவது. பழி சுமத்துவதால் அப்படி ஒரு பயனும் இல்லை.

சமயத்தின் பக்கம் இருக்கும் வலிமையான வாதத்தை ஒளிக்காமல் வைக்க வேண்டும். அகத்தியர் பெயரில் வழங்கும் கன்மகாண்டம், இன்ன நோய் இன்ன பாவத்தால் வந்தது என்று வகுத்துச் சொல்லுகிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், சொற்கேளாத பிள்ளையைத் தாய் தகப்பன் அடித்துத் திருத்துவதுபோல இறைவன் வினைப்பயனை ஊட்டுகிறான், அதுவும் அருளே என்று நிறுவுகிறார். நாலு வயதுப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்டால், பிள்ளைக்குத்தான் நாலு வயது, உயிருக்குத் தொடக்கமே இல்லை என்பது சித்தாந்தியின் மறுமொழி. இது நொண்டியான மறுமொழி அன்று. மறுபிறப்பை ஏற்றவர் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. இதை முழுதாக ஏற்றுக்கொண்டால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

உயிருக்குத் தொடக்கம் இல்லையென்றால் அதன் வினைக்கும் தொடக்கம் இல்லை. சஞ்சிதமாகக் குவிந்து கிடப்பதில் எது இப்பிறவிக்குப் பிராரத்தமாக எடுத்துத் தரப்பட்டது, எதற்காக, எந்த அளவில் என்பதை யார் அறிவார்? இந்தக் கேள்விக்குச் சித்தாந்தம் ஐயமில்லாத விடை வைத்திருக்கிறது. வினை சடம். அது தானாகச் செய்தவனைத் தேடிப் போய்ச் சேராது. உயிரோ சிற்றறிவு உடையது. தன் பயனையே தானாக எடுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆகையால் முற்றறிவு உடைய பதி ஒருவனே அறிந்து ஊட்ட வேண்டும். இறைவன் உண்டு என்பதற்கே சித்தாந்திகள் சொல்லும் காரணங்களுள் இது ஒன்று. அப்படியானால், அயல் வீட்டுப் பிள்ளையின் தொடையில் உள்ள கட்டி இன்ன வினையின் பயன் என்று சொல்லுகிறவர் பதிக்கு மட்டுமே உரிய அறிவைத் தனக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறார். சைவத்தில் அதற்குப் பெயர் பக்தி இல்லை. ஆணவ மலத்தின் வேலை அது. வினைக் கொள்கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோமோ, அவ்வளவுக்கு மற்றவர் வினையைப் பற்றி வாய் திறக்க இடமில்லாமல் போகிறது. கன்மகாண்டம் போன்ற பட்டியல்களை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பேன். சைவ சித்தாந்தச் சாத்திரங்கள் பதினான்கில் அது சேர்ந்ததில்லை.

திருமுறையின் வழக்கமும் இதுவே. கொல்லிமழவன் என்ற சிற்றரசன், முயலகன் என்னும் வலிப்பு நோயால் துவண்ட தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். சம்பந்தர் அங்கே வருகிறார். தகப்பனைப் பார்த்து நீ என்ன பாவம் செய்தாய் என்று அவர் விசாரிக்கவில்லை. பெண்ணின் முற்பிறப்பைப் பற்றியும் பேசவில்லை. பாட்டுக்குப் பாட்டு இறைவனையே கேட்கிறார்: இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குப் பெருமையா? நோயாளியை விட்டுவிட்டு இறைவனிடமே வழக்குப் போடுகிற இந்தத் துணிவு நம் சமயத்தின் முதல் ஆசாரியரிடமே இருக்கிறது. கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தபோது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கம் இன்னும் நேரடியானது. அந்த வினைக்கு இது பயன் என்று சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பிப் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்ற கருத்தில் அது தொடங்குகிறது. பாராயணம் செய்யும் பலர் இதைக் காய்ச்சலுக்கான பதிகமாக மட்டும் அறிந்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்பரோ சூலை நோயில் துடித்துத் திருவதிகையில் விழுந்தபோது தான் செய்த கொடுமைகளைத் தான் அறியேன் என்று தன்னைப் பற்றித்தான் சொன்னார். சமணம் போன தம்பிக்கு இதுதான் கிடைக்கும் என்று திலகவதியார் சொல்லியிருக்கலாம். அவர் கொடுத்தது திருநீறு. வினை என்ற சொல்லைத் தன்னைக் குறித்து ஒருவர் சொல்லும்போது அது பணிவு. பிறரைக் குறித்துச் சொல்லும்போது தீர்ப்பு. திருமுறையில் முதலாவது நிரம்பக் கிடக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்லப்பட்ட இரண்டாவதை நான் கண்டதில்லை.

தீவகத்தில் சைவம் மட்டும் இல்லை. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு அண்மையில் நாகவிகாரை இருக்கிறது. புத்தரும் கன்மத்தைப் போதித்தவர்தானே என்பார்கள். சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி அவரிடம் இதையே கேட்கிறான்: மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன் செய்ததன் பயன் என்கிறார்களே, சரியா? புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணுகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்வது, பருவமாற்றம், உடம்பைத் தவறாக நடத்துவது, திடீர்த் தாக்குதல், கன்மம் எட்டாவது. எல்லாமே முன்வினை என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். நயினாதீவே மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் என்று கொள்பவர்கள் பலர். அங்கே கிடைத்த அமுதசுரபியால் மணிமேகலை காயசண்டிகையின் யானைத்தீ என்ற தீராப்பசியைத் தணிக்கிறாள். காயசண்டிகையின் நோய்க்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. முனிவருக்கு உரிய நாவற்கனியை மிதித்துச் சாபம் வாங்கியவள் அவள். காரணம் வெளிப்படையாகத் தெரிந்த அந்த நோய்க்கும் மணிமேகலை சோறுதான் போட்டாள். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கரும் இதை யோவான் நற்செய்தியில் படிக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்லர் என்று இயேசு சொன்னார்.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. நான் மிகவும் மதிப்பது இதைத்தான். வினை இல்லையென்றால் வெறும் தற்செயல் என்றாகிவிடும். தற்செயலில் பிள்ளையைப் பறிகொடுப்பதைவிட, ஏதோ ஒரு கணக்கு தீர்ந்தது என்று நினைப்பது தாய்க்கு ஆறுதல் அல்லவா? சிலருக்கு அப்படி ஆறுதல் கிடைப்பது உண்மை. அவர்களிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்த ஆறுதலின் விலையைப் பார்க்க வேண்டும். கணக்கு என்று ஒன்று இருந்தால் கடனாளி என்று ஒருவர் இருக்க வேண்டும். அந்த இடத்தில் தாய் தன்னையே வைத்துக்கொள்வாள். தற்செயல் என்பதும் நாம் அஞ்சுகிற அளவுக்கு இறைவனுக்கு எதிரானதன்று. மனித அறிவின் எல்லைக்குள் நின்று பார்க்கும்போது, கலம் பிரியும் வேளையில் நேர்ந்த பிழைக்கு எவரும் குற்றவாளி இல்லை. அந்த எல்லைக்கு அப்பால் உள்ளதை இறைவனிடம் விட்டுவிடுவது சைவருக்குப் புதிதல்ல. காரணம் மாறினால் நம்பிக்கை சரிந்துவிடும் என்பதும் இல்லை. வேலணைப் பெருங்குளத்தில் முத்துமாரி அம்மன் இருக்கிறாள். பெரியம்மையை அம்மாள் வருத்தம் என்று சொன்ன காலத்தில், நோய் வந்த பிள்ளையை அம்மாள் வந்து இருக்கும் இடமாகவே வைத்துப் பார்த்தார்கள். வாசலில் வேப்பிலை, வீட்டில் மச்சம் இல்லை, படுத்திருப்பவரிடம் கடுஞ்சொல் இல்லை. நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்று தெரிந்தது, தடுப்பூசி வந்தது, 1980இல் அந்த நோயே உலகத்தில் இல்லையென்று அறிவித்தார்கள். அம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை. அந்த வீடுகளில் நோயாளிக்குக் காட்டிய மரியாதையைச் சார்க்கோமா வந்த பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் காட்ட நம்மால் ஏன் முடியவில்லை என்பதே எனக்கு விளங்காத கேள்வி.

இது வெறும் தத்துவச் சண்டையாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்தி எழுத மாட்டேன். பழிக்கு அஞ்சுகிற தாய் கட்டியை மறைப்பாள். நூல் கட்டுவது, எண்ணெய் போட்டு உரஞ்சுவது, குறிப்புப் பார்ப்பது என்று மாதங்கள் போகும். பெரும்பாலான கட்டிகள் தீங்கில்லாதவை என்பது உண்மை. ஆனால் 5 சென்ரிமீற்றரை விடப் பெரிது, அல்லது வளர்ந்துகொண்டு போகிறது, அல்லது தோலுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது, அல்லது வெட்டிய பின் திரும்பவும் வந்தது என்றால், நோ இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். முதலில் படம் எடுத்து, ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, இன்னது என்று தெரிந்த பிறகே வெட்ட வேண்டும். கொழுப்புக் கட்டி என்று நினைத்து அவசரமாக வெட்டிவிட்டால் பலருக்கு உள்ளே மிச்சம் நின்றுவிடும். றப்டோமையோசார்க்கோமா ஓரிடத்தில் மட்டும் நிற்கும்போது பிடிபட்டால், வசதியான நாடுகளில் நூற்றில் 70 பிள்ளைகளுக்கு மேல் ஐந்து ஆண்டைக் கடந்து வாழ்கிறார்கள். 1960களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அப்படி வாழவில்லை. உடம்பில் பரவிய பிறகு பிடிபட்டால் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் கோயில் நந்தவனங்களில் பூசைக்கு ஆயும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. வளர்ந்தவர்களின் கை கால்களில் வரும் சார்க்கோமாவுக்கு முன்பெல்லாம் உறுப்பையே எடுத்தார்கள். 1982இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தவர்களும் காலை இழந்தவர்களைப் போலவே உயிர் வாழ்ந்தார்கள் என்று காட்டியது. நாள் பிந்தினால் இந்த வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

அப்படியென்றால் வினைக் கொள்கைக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. இனிச் செய்வதாகிய ஆகாமியம் முழுதும் நம் கையில் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுபோவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு வாணர் பாலம், வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு அல்லது இராப் பயணமாக மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. ஒரு தடவை போய் முடிகிற காரியமும் அன்று. மாதக்கணக்கில் மருந்தேற்ற வேண்டும். தாய் மகரகமவில் நிற்க, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு சமைப்பது யார், தகப்பனின் நாட்கூலி போனதை ஈடுசெய்வது யார் என்பவைதான் வேலணையின் முன் உள்ள வினைக் கேள்விகள். 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைக்கு நிதி சேர்த்தவர்களில் வேறு மொழியினரும் வேறு சமயத்தினரும் நிறைய இருந்தார்கள். எவருடைய முற்பிறப்பையும் அவர்கள் கேட்கவில்லை. ஆறுமுக நாவலரைவிடக் கண்டிப்பான சைவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. 1870களின் பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டி வைத்தார்.

வளர்ந்த ஒருவர் தனக்கு வந்த சார்க்கோமாவைத் தன் வினை என்று தானே சொன்னால், அதை மறுத்து வாதிட மாட்டேன். அவர் தன் வாழ்க்கையை அறிந்தவர். அந்தச் சொல் அவரை இறைவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். வைத்தியத்தை அது தடுக்காத வரையில் அது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலான பேச்சு. நேர்த்தி வைப்பதும் அப்படியே. பிள்ளை சுகமானால் காவடி எடுப்பேன் என்பது வேண்டுதல்; என் பாவத்துக்காகப் பிள்ளையைத் தண்டிக்காதே என்று தாய் தன்னைத் தானே குற்றவாளியாக்கி வைக்கும் நேர்த்தியைக் கேட்கும் குருக்களும் பெரியவர்களும் அந்த இடத்திலேயே அவளைத் திருத்த வேண்டும். எல்லா வைத்தியமும் செய்து பிள்ளை தவறிப்போகும் வீடுகளும் இருக்கின்றன. அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் எங்கே பிழைத்தது என்று கேட்கத்தான் செய்வார்கள். ஒரு கலம் பிரியும்போது ஒரு பிழை நேர்ந்துவிட்டது, நீ எதுவும் செய்யவில்லை என்று அந்தத் தாய்க்குச் சொல்லலாம். அது உண்மை, அதைச் சொல்வதற்குச் சைவத்தில் எந்தத் தடையும் இல்லை.